கொசு நுழையாத வீடு

சித்தி பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அந்த மழைக்காலத்தில், மந்தைவெளியில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்குள் யார் நுழைவதாக இருந்தாலும் முதலில் இரண்டு வலைத்திரைகளுக்கு நடுவே நின்றாக வேண்டும். வெளித்திரை சரியாக ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துவிட்டு, கைகளை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். கொசு அடிக்கும் மின்சார பேட்டால் அவர்களைச் சுற்றி ஒரு வீசு வீசிய பிறகுதான் நான் உள்திரையைத் திறந்துவிடுவேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிலிருந்து அப்பாவின் நந்தனம் ஆபீஸ் மேனேஜர் வரை எல்லோரும் என் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவ்வளவு அதிகாரம் அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையிலும் கிடைக்கவில்லை.

இந்தப் பதவியை எனக்குக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கை அடுத்த தெருவில் ஓர் ஒற்றை அறையில், சாப்பாடும் சண்டையும் எங்கள் வீட்டில். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தவர், எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது திடீரென்று அதை விட்டுவிட்டு, வீட்டு ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்கும் தொழிலுக்கு வந்துவிட்டார். ஸ்கூட்டரில் வலைச்சுருள்களைக் குறுக்கே கட்டிக்கொண்டு அடையாறு, தேனாம்பேட்டை என்று சுற்றுவார். தொழில் மாறினாலும் கை மாறவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் வலையைத் தோளில் போட்டு, கொசுவம் வைத்து, "பாருங்கம்மா, எவ்ளோ பொடிக் கண்ணு. காத்து வரும், கொசு வராது. உடம்புல கட்டினா கூட நிக்கும்" என்பார். கொசுவலையைக் கட்டிக்கொண்டு எந்த அம்மாவும் வெளியே போகப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் வாங்கிவிடுவார்கள்.

வடபழனியில் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், மாமா மணமேடையைப் பார்க்க மாட்டார். மண்டபத்து ஜன்னல்களைப் பார்ப்பார். "எத்தினி பேர் வர்ற எடம், ஒரு ஜன்னல்லயாவது வலை கீதா பாரு" என்று சாப்பாட்டுப் பந்தியில் முணுமுணுப்பார். அப்பா, "மச்சான், இங்க நாம தாலி கட்டுறதப் பார்க்க வந்திருக்கோம், வலை கட்டுறதுக்கில்ல" என்பார். அப்பா அதிகம் பேச மாட்டார். பேசினால் பெரும்பாலும் மாமாவைச் சீண்டுவதற்காகத்தான் இருக்கும்.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவையும் மாமாவையும் சித்தியையும் பெற்றவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால், சித்திக்கு எங்கள் வீடுதான் பிறந்த வீடு. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக, டாக்டர் டாக்டராகச் சுற்றிய பிறகு உண்டான பிள்ளை. வளைகாப்பு முடிந்து, இரண்டு கையும் கண்ணாடி வளையலுமாகச் சித்தி எங்கள் வீட்டுப் படியேறிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் எங்கள் பகுதி முழுக்க டெங்கு. பக்கத்துத் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஆட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பப்பாளி இலை கேட்டு ஜனங்கள் அலைந்தார்கள். மாமா தன் தொழிலை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்.

ஜன்னல்களுக்கு ஏற்கெனவே வலை உண்டு. இப்போது குளியலறை வென்டிலேட்டர், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, ஏசி குழாய் நுழையும் இடம், கதவுக்கு அடியில் இருக்கும் சந்து என்று எதையும் விடவில்லை. வாஷ்பேசின் துவாரத்துக்கும் ஒரு வட்டம் வெட்டி ஒட்டினார். பருப்புத் தோல் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காமல் போக, அம்மா அதை மட்டும் பிய்த்து எறிந்தாள். சித்திக்குக் கொடுத்த உள் அறைக்குத் தனியாக ஒரு வலைத்திரை. அந்த அறைக்குள் கட்டிலுக்கு மேல் இன்னொரு வலை. வலைக்குள் வலை, அதற்குள் சித்தி.

"இவ்ளோ பத்திரமா ரிசர்வ் பேங்குலகூட வைக்க மாட்டாங்க" என்றார் அப்பா.

மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கும் அக்காக்கள் இருவர் வாரம் ஒருமுறை எல்லா வீட்டுக்கும் வருவார்கள். தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களை மாமா வாசலிலேயே நிறுத்திவிட்டார். சேர்ந்தாற்போல் இரண்டு பேர் உள்ளே வந்தால் திரை அதிக நேரம் திறந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

"இன்னா சார், உள்ளயே வுட மாட்டேன்றீங்க? ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போய்க்கினே இருப்போம்" என்றார் மூத்த அக்கா.

"இந்த வூட்ல கொசுவே கெடையாதும்மா. நீங்க வந்தாத்தான் வரும்" என்று மாமா வலைக்குப் பின்னாலிருந்தே பதில் சொன்னார். அவர்கள் எதிர் ஃபிளாட் மணியை அடித்தார்கள்.

இதற்கிடையில் வீட்டில் பலகாரம் சேர ஆரம்பித்தது. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதல்லவா, அதை எங்கள் சொந்தக்காரர்கள் மிகவும் பக்தியோடு கடைப்பிடிப்பவர்கள். சைதாப்பேட்டை அத்தை அதிரசம் கொண்டுவந்தாள். சித்தியின் மாமியார் மைசூர்பாகும் முறுக்கும். அப்பாவின் மேனேஜர்கூடக் கையைத் தூக்கிச் சுற்றிக் காட்டியபோது அந்தக் கையில் ஒரு ஜாங்கிரிப் பெட்டி இருந்தது. சித்திக்கு நினைத்தபோது எடுத்துச் சாப்பிட வசதியாக, அம்மா அத்தனை டப்பாக்களையும் சித்தியின் அறையில் ஒரு நாலுகால் ஸ்டாண்டில் அடுக்கிவைத்தாள். சித்தி நினைத்ததைவிட நான் நினைத்தது அதிகம். பள்ளிவிட்டு வந்ததும் திரைக்காவல், கொஞ்சம் நேரம் கிடைத்தால் சித்தி அறையில் தரையில் படுத்து அதிரசம் தின்றுகொண்டே வீட்டுப்பாடம். என் பொழுது அங்கேதான் போனது.

சர்க்கரை இருந்தால் எறும்பு வரும். எறும்புச் சாரை ஸ்டாண்டில் ஏறிய மறுநாளே அம்மா எல்லா வீட்டிலும் செய்வதைச் செய்தாள். வளைகாப்பில் வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியிருந்த சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணங்களில் நாலை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, ஸ்டாண்டின் நாலு காலையும் அவற்றுக்குள் நிறுத்தினாள். எறும்பு தண்ணீரைத் தாண்டி ஏறாது. தண்ணீர் வற்ற வற்ற மேலே கொஞ்சம் ஊற்றிவிடுவாள். அறை சுத்தமாக இருந்தது, பலகாரம் பத்திரமாக இருந்தது, அம்மாவுக்கு நிம்மதி. மாமா தினமும் அந்த அறையில் வலையின் ஓரங்களை விரலால் தடவிப் பார்ப்பார். ஸ்டாண்டின் மேல்தட்டைப் பார்ப்பார், ஒரு முறுக்கை எடுத்துக்கொள்வார். கீழே குனிந்து பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் கொசு வந்தது.

முதலில் ஒன்று. சித்தி அறையில், பகலில், கால்களில் வெள்ளைக் கோடு போட்ட கொசு. மாமா அதைக் கைதட்டி அடித்து, உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டெங்குவைப் பரப்பும் ஜாதி அது என்று அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்தது. இரண்டு நாளில் இன்னும் சில. மாமா எல்லா ஜன்னலையும் மறுபடி அலசினார். ஓர் ஓட்டைகூட இல்லை. ஓட்டை இல்லையென்றால் வாசல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். வாசல் யார் பொறுப்பு?

"நீதான் தெறந்துகினு நின்னு கதை பேசிக்கினு கீற" என்றார் மாமா.

நான் அழுதேன். என் காவலில் ஒரு கொசுகூட நுழைந்ததில்லை என்று சத்தியம் செய்தேன். யாரும் நம்பவில்லை. மாமா வாசலுக்கு மூன்றாவதாக ஒரு திரையைப் போட்டு, பேட்டை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். பதவி போனது. அப்பா மட்டும் போகிற போக்கில் என் தலையைத் தட்டிவிட்டு, "ஆட்சி மாறும், கவலைப்படாத" என்றார். சித்தியோ வலைக்குள் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டே, "அண்ணா, பாவம் அவளை விட்டுடேன்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது.

சும்மா காய்ச்சல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி வலி. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். அதிரசத்தைக்கூட வேண்டாம் என்றேன், அம்மா அப்போதுதான் உண்மையில் பயந்திருக்க வேண்டும். என்னைச் சித்தி அறைப்பக்கம் போகவிடாமல் கூடத்தில் பாய் போட்டு, ஒரு தனி வலைக்குள் படுக்கவைத்தார்கள். சித்தி தன் வலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்குச் சித்திமேல் ஆத்திரம். என் காய்ச்சல் சித்திக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்த வீட்டுக்குக் கவலை, நான் கிடந்தால் என்ன, போனால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு ஒருவகையில் சுகமாகவும் இருந்தது.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் மாமா முன்னால், அம்மா பின்னால், நடுவில் நான், டாக்டரிடம் போனோம். தெருவெல்லாம் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். எங்கள் டாக்டர் சிரித்துப் பேசுகிறவர். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கையில் ஏதாவது சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதிக்கொண்டே, "இதுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கா?" என்று கேட்டார்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமாதான் பதில் சொன்னார். "வந்துச்சு டாக்டர். ரெண்டு வயசுல. ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். கொஞ்சம் மோசமாப் போய்ட்டு..."

எனக்கு அந்த ஆஸ்பத்திரி ஞாபகமே இல்லை. வந்திருக்கிறது என்று கேட்டதும் ஒரு பெருமைதான் வந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பில்லை. "இன்னிக்கே ரத்தம் கொடுத்துடுங்க. நாளைக்குன்னு விடாதீங்க. ரிசல்ட் கையில வாங்கிட்டு நேரா இங்க வாங்க" என்றார்.

தேனாம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். ஊசி போட்டபோது நான் அழவில்லை. அழுதால் மாமா பார்ப்பார் என்று இருந்தேன், அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முடிவு வர மதியமாகும் என்றார்கள். வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்றும் சொன்னார்கள். மாமா நகர மறுத்துவிட்டார். அங்கேயே பெஞ்சில் அம்மாவின் மடியில் படுத்துக் கிடந்தேன். அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் வலித்தது. மாமா வெளியே போய் ஸ்கூட்டரைப் பார்ப்பார், உள்ளே வருவார், மறுபடி வெளியே போவார். ஸ்கூட்டர் நிறுத்திய இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்து ஜன்னலுக்கும் வலை இல்லை, அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். டெங்கு என்று வந்தால் பழி முழுக்க என் தலையில்தான் விழும். வாசலைத் திறந்துவைத்தவள், கொசுவை விட்டவள், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கேடு கொண்டுவந்தவள். மாமா இனி என்னோடு பேசவே மாட்டார்.

மதியம் கடந்து, கவுன்டர் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் என் பெயரைக் கூப்பிட்டார். மாமா ஒரே எட்டில் போய் நின்றார். காகிதத்தை வாங்கினார். அவருக்கு அதில் எதையும் படிக்கத் தெரியவில்லை. அந்தப் பெண்ணிடமே திருப்பி நீட்டி, "இன்னான்னு சொல்லும்மா" என்றார்.

"நெகட்டிவ் சார். டெங்கு இல்ல. பிளேட்லெட்டும் நல்லா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"இல்லையா?"

"இல்ல சார்."

"இன்னொரு தபா பாத்துச் சொல்லும்மா."

அந்தப் பெண் இன்னொரு தடவை பார்த்துச் சொன்னார். இல்லை. அம்மா பெஞ்சிலேயே குனிந்து என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாமா அங்கே காத்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் போய், "நம்ம கொழந்தைக்கு ஒண்ணும் இல்லியாம் சார்" என்றார். அந்தப் பெரியவர் தன் சர்க்கரை அளவுக்காக உட்கார்ந்திருந்தவர். "ரொம்ப சந்தோஷம்பா" என்று எழுந்து மாமாவின் கையைக் குலுக்கினார்.

டாக்டரும் பார்த்துவிட்டு, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், எதற்கும் இரண்டு நாள் கழித்து ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும் என்றார். அவர் சிரிப்பும் திரும்பி வந்திருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் மாமா ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே வந்தார். அவருக்குச் சுருதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த ஒருவர் அப்படிப் பாடுவது ஊருக்கே அவமானம் என்று அப்பா சொல்வதுண்டு.

வீட்டு வாசலில் மூன்று திரையும் ஓரமாக ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தன. மாமாவின் பாட்டு நின்றது. கூடத்தின் நடுவில் அப்பா நின்றுகொண்டிருந்தார், அம்மா போனில் நல்ல சேதி சொல்லிவிட்டிருந்ததால் முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தீர்த்தம் மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். நம்ம வீட்ல பிரசவம் ஆயிடுச்சு."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அவளுக்கா?"

"அவளுக்கில்ல. அவளுக்கு முன்னாடி வேற யாரோ பெத்துப் போட்டுட்டாங்க. எல்லாம் சுகப்பிரசவம். எண்ணிக்கைதான் தெரியல."

மாமா கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் மெல்லிய புழுக்கள் வளைந்து நெளிந்து மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. சித்தி முறுக்கு கேட்டாளாம். டப்பாவை எடுக்கப் போன அப்பா ஸ்டாண்டில் இடித்துக்கொண்டாராம், ஒரு கிண்ணம் கவிழ்ந்து தண்ணீர் அவர் காலில் கொட்டியதாம். கவிழ்ந்த தண்ணீர் நெளிவதைப் பார்த்துத்தான் மீதி மூன்றையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அத்தனையிலும் அதே கூட்டம். வெளியிலிருந்து ஒரு கொசுவும் வரவில்லை. என்றைக்கோ எப்படியோ நுழைந்த ஒன்று முட்டையிட்டு, சித்தியின் அறையிலேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, வெளியே போக வழி தெரியாமல் எங்களைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மாமாவின் வலையில் அவ்வளவு நேர்த்தி. உள்ளே இருப்பது ஒன்றுகூட வெளியே தப்ப முடியாது.

"ஊருக்குத்தான் உபதேசம்" என்று தொடங்கினார் அப்பா.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "நான்தான் ஊத்தினேன். கீழ கொட்டாம மேல மேல ஊத்திக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

எல்லோரும் மாமாவையே பார்த்தோம். அடையாறு முழுக்க வலை கட்டியவர். கொசு அக்காக்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். இந்தச் சேதி கீழ் வீட்டுக்குப் போனால் போதும், மயிலாப்பூர் குளம் வரை போய்விடும். மாமா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பில்லை. தொடையைத் தட்டித் தட்டி, மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். பார்த்துக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். உள்ளே சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா போதும்ணா, நெஜமாவே பொறந்துடும்" என்று கத்தினாள்.

எனக்குப் பிடிபடவே இல்லை. மானம் போகிற விஷயத்துக்கு ஒரு மனுஷன் ஏன் இப்படிச் சிரிக்க வேண்டும்? என்மேல் போட்ட பழிக்கு ஒரு மன்னிப்பாவது கேட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஆனாலும் கண்ணில் தண்ணீரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னும் பயம் தெளியவில்லை போலிருக்கிறது, நாம்தான் தேற்ற வேண்டும் என்று பக்கத்தில் போய் அவர் தோளில் கைவைத்தேன்.

"மாமா, நீ எதுக்குப் பயப்படுற? எனக்குத்தான் சின்னதுலயே டெங்கு வந்துடுச்சே. அம்மை மாதிரிதான். ஒரு தடவ வந்துட்டா அப்புறம் நம்மள ஒண்ணும் பண்ணாது."

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கொட்டிவிட்டு வர மொட்டை மாடிக்குப் போகிறேன் என்றார், போகாமல் நின்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாமா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"ஆமாண்டி கண்ணு. எனக்கு அது தெரியாமப் போச்சு பாரு" என்றார்.

டெங்கு அம்மை மாதிரி இல்லை, ஒருமுறை வந்து போனவர்களுக்கு அதன் வேறு வகை மறுபடி வந்தால் அந்த இரண்டாவது முறைதான் பெரிய ஆபத்து என்று நான் தெரிந்துகொண்டபோது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று பரிசோதனை நிலையத்தில் காத்திருந்த அம்மாவுக்கும் மாமாவுக்கும், வீட்டில் போனுக்காகக் காத்திருந்த அப்பாவுக்கும் அது முன்பே தெரியும். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், ஒரு பெரிய மனுஷனை நான் சரியான காரணம் சொல்லித் தேற்றிவிட்டேன் என்பதுதான். அந்தத் திருப்தியில், காய்ச்சல் வந்ததிலிருந்து முதல்முறையாக, பசிக்கிறது என்றேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சமையலறைக்கு ஓடினார்கள்.